அந்தோனி பெர்னாண்டோ என்றொரு பெயர்



திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் பெற்றோரிடம் முதன்முதலாகக் கேட்பது குழந்தையின் பெயரை. தண்ணீர் வார்ப்பதும் தைலம் பூசுவதும் அதற்குப் பின்தான்.

முந்தல் பகுதியைச் சேர்ந்த இளம் தம்பதியர் அண்மையில் என்னிடம் வந்தனர். "சுவாமி, மகனுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா? அந்தோனி என்றுதான் வைக்க வேண்டும் என்கிறா அம்மம்மா. நமக்கு எதற்கு இந்தப் பறங்கிப் பெயர் என்கிறார் மாமா. வீட்டில் ஒரே சண்டை" என்றனர். இந்தச் சண்டை அவர்கள் வீட்டில் மட்டுமா நடக்கிறது? ஆகவே இவ்வாரம் பெயர்களைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

முதலில் நமது குடும்பப் பெயர்கள். பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, பீரிஸ், குரூஸ் முதலியவை போர்த்துக்கீசர் காலத்தில் திருமுழுக்கோடு நம் கரைக்கு வந்தவை. பெரேரா என்றால் பேரிமரம். சில்வா என்றால் காடு. குரூஸ் என்றால் சிலுவை. பீரிஸ் என்றால் பேதுருவின் மகன். திருவிதாங்கூர்க் கரையில் திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் புதிய பெயரைத் தாம் எழுதிக் கொடுத்ததாகப் புனித சவேரியார் 1545ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் கூறுகிறார். எழுத்தறியாத மீனவன் தன் பெயர் எழுதிய அந்தத் துண்டை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருப்பான்!

அந்தோனி பெர்னாண்டோ என்ற பெயரிலும் ஒரு செய்தி உண்டு. பதுவைப் பதியராகிய புனித அந்தோனியார் லிஸ்பன் நகரில் பிறந்தவர். திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் பெர்னாண்டோ. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதே அந்தோனி ஆனார். ஆகவே அந்தோனி பெர்னாண்டோ என்று பெயர் கொண்டவர் அந்தப் புனிதரின் இரண்டு பெயர்களையும் சுமக்கிறார். அம்மம்மா அறியாமலே நல்ல பெயரைத்தான் சொல்லியிருக்கிறா.

அப்படியானால் தமிழ்ப் பெயர் கிறிஸ்தவப் பெயர் ஆகாதா? நன்றாக ஆகும். நம் முன்னோர் பெயர்களைப் பொருள் உணர்ந்தே தமிழாக்கினர். யோவான் என்ற எபிரேயப் பெயரின் பொருள் 'ஆண்டவர் அருள் கூர்ந்தார்' என்பது. அதனாலேயே அவர் நமக்கு அருளப்பர் ஆனார். பவுல் என்றால் சிறியவர், அவர் சின்னப்பர். யோசேப்பு என்றால் 'அவர் இன்னும் பெருகச் செய்வாராக' என்று பொருள். வீரமாமுனிவர் தமது தேம்பாவணியில் அவரை வளன் என்று அழைத்தார். நீலகண்டப் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு இடப்பட்டது லாசர் என்ற பெயர். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். அதைத் தமிழர் தேவசகாயம் என்று வழங்கினர். அந்தத் தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது? 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் இட மறுத்தால் குருவானவர் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855ஆம் பிரிவு, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரை இடாதபடி பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பங்குக் குருவும் கவனிக்க வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. ஆகவே அன்பு, அருள், வளன் என்று தாராளமாகப் பெயரிடலாம். ஆனால் எண்சோதிடக்காரர் கணக்குப் பார்த்துக் கொடுத்த, பொருளே இல்லாத ஓசையைப் பிள்ளையின் தலையில் கட்டலாமா? கடவுளின் பராமரிப்பை நம்புகிறவர்களுக்கு அது அழகல்ல.

இனி நம் அயலவரைப் பாருங்கள். புத்தளத்து முஸ்லிம் சகோதரரின் யூசுப் நம்முடைய சூசைதான். அவர்களுடைய மர்யம் நம்முடைய மரியாள். திருக்குர்ஆனின் 19ஆம் அதிகாரம் அந்தத் தாயின் பெயரையே தாங்கியுள்ளது. உடப்பில் இந்து மக்கள் தீ மிதித்து வணங்கும் திரௌபதியின் பெயருக்குத் துருபதன் மகள் என்பது பொருள். எரிகோவில் பார்வை பெற்ற பர்த்திமேயுவின் பெயருக்கோ திமேயுவின் மகன் என்பது பொருள். தலவிலில் நாம் கூடி வணங்கும் அன்னம்மாளின் பெயர் 'அருள்' என்னும் எபிரேயச் சொல். மொழிகள் வேறு, பிள்ளையைக் கையில் ஏந்திய பெற்றோரின் மகிழ்ச்சியும் வேண்டுதலும் ஒன்றே.

இதை நான் வீணாகச் சொல்லவில்லை. 1983 ஆடிக் கலவரத்திலும், 2009 வரை நீடித்த போர்க்காலத்திலும், இந்நாட்டில் பெயரைக் கேட்டே மனிதரைப் பிரித்தார்கள். தன் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சியவர் எத்தனை பேர்! ஆனால் நமது கரையில் பெர்னாண்டோ என்று கேட்டதும் அவர் தமிழரா சிங்களவரா என்று சொல்ல முடியாது. அதை ஒரு குறையாக எண்ணாதீர்கள். பெயர் மனிதரைப் பிரிக்கும் வேலியன்று என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆண்டவரும் நம்மைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிய மரியா மதலேனாள், "மரியா" என்று அவர் அழைத்த பின்னரே அவரை அறிந்துகொண்டாள்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்குப் பெயரிடுமுன் அதன் பொருளை அறியுங்கள். பிள்ளைக்கு அறிவு வந்ததும் அதை எடுத்துச் சொல்லுங்கள். பிறருடைய பெயரைக் கேலி செய்ய ஒருபோதும் விடாதீர்கள்.

அந்தக் குழந்தைக்கு அருள் அந்தோனி என்று பெயரிட்டோம். மாமா அவனை அருள் என்கிறார். அம்மம்மாவுக்கோ அவன் அந்தோனிதான். இரண்டுக்கும் அவன் சிரிக்கிறான்.