டிரைவர் சம்பளம் மிச்சமாவதே இல்லை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரிப் பட்டறையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அடுத்தவன் வண்டியை எத்தனை நாளைக்குத்தான் ஓட்டறது? சொந்தமா ஒண்ணு எடுத்து நாமளே ஓட்டினா டிரைவர் சம்பளம் அப்படியே மிச்சம். அதுதானே லாபம்!" பாடி கட்டுகிற இடத்தில் சொல்கிறார்கள், டயர் கடையில் சொல்கிறார்கள். ஃபைனான்ஸ் ஏஜென்ட் இதையே இன்னும் அழுத்திச் சொல்கிறார். அவருக்குக் கமிஷன் இருக்கிறது. அடிபட்ட லாரிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் சர்வே எழுதுவது என் தொழில். இந்த ஒரு பேச்சை நம்பி வண்டி எடுத்துவிட்டு, டியூ கட்ட முடியாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களையும், கொடுக்க உயிரோடு இல்லாதவர்களையும் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். இனியும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அடிப்படையே தப்பு. அடுத்தவர் வண்டியை ஓட்டியபோது உங்களுக்கு மாதம் 25,000 ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டியை ஓட்டும்போது அதே 25,000 உங்கள் உழைப்புக்கான கூலிதான். பெயர் மாறியதால் அது லாபம் ஆகிவிடாது. டீசல், டோல், டியூ, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் போக, உங்கள் சம்பளத்தையும் செலவில் எழுதிவிட்டு, அதற்கு மேல் என்ன நிற்கிறதோ அதுதான் வண்டியின் லாபம். ஒன்றும் நிற்கவில்லை என்றால், கடன் சுமையோடு பழைய டிரைவர் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வண்டி எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கிற ஆளைக் காண்பதே அரிதாக இருக்கிறது.

பத்துச் சக்கர வண்டிக்கு 30 லட்சம் கடன், ஐந்து வருடம், 7 சதவீதம் பிளாட் வட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் பத்தரை லட்சம். மாத டியூ 67,500. நாள் கணக்கில் 2,250 ரூபாய். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடோன் வாசலில் இறக்க ஆள் வராமல் காத்துக்கிடந்தாலும், எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்காகப் பட்டறையில் நின்றாலும் அந்த 2,250 ஓடிக்கொண்டே இருக்கும். மாதத்தில் பன்னிரண்டு நாள் வண்டி நின்றால் டியூவில் மட்டும் 27,000 போய்விடுகிறது. மிச்சம் பிடித்ததாக நீங்கள் நினைத்த சம்பளம் அதிலேயே கரைந்துவிட்டது. டயருக்கு இன்னும் வரவே இல்லை. ஒரு டயர் 20,000 என்றால் பத்துக்கு 2 லட்சம்.

சம்பள டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால் ஓனர் ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்? நீங்களும் ஆக்டிங் டிரைவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நிற்க வேண்டும். தங்கை கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன், பிள்ளையின் பள்ளிக்கூட அட்மிஷன் என்று எல்லாவற்றுக்கும் வண்டி நிற்கும். சொந்தமாக ஓட்டும் யாரும் இந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது நான் தினமும் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். சம்பள டிரைவருக்கு வேலையில் அடிபட்டால் அவருக்கு இழப்பீடு கொடுப்பது ஓனரின் சட்டப் பொறுப்பு. அந்தப் பொறுப்பை வண்டியின் பாலிசி ஏற்கிறது. கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தால்கூடச் சட்டப்படி சம்பளத்தில் ஒரு பங்கு அவருக்கு வர வேண்டும். நீங்களே ஓனர், நீங்களே டிரைவர் என்றால் இந்த வழி உங்களுக்குக் கிடையாது. மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸிலும் உங்களுக்கு இடமில்லை; உங்கள் வண்டிக்கு நீங்கள் மூன்றாம் நபர் அல்ல. வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவரைக்கூட ஓனரின் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறு உங்கள் பக்கம் என்றால், மிஞ்சுவது ஓனர்-டிரைவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு ஒன்றுதான். 15 லட்சம் ரூபாய். அதுவும் இறந்தால், கை, கால், கண் போனால், நிரந்தரமாக முடங்கினால் மட்டும். மூன்று மாதம் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று வண்டியை மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ எடுக்கிறார்கள். அந்த 15 லட்சம் ஆர்சி புக்கில் பெயர் உள்ள ஓனருக்கு உரியது. அவர் செல்லுபடியாகும் லைசென்ஸும் வைத்திருக்க வேண்டும். ஆர்சி மனைவி பெயரில், ஓட்டுவது கணவர் என்றால் அந்தக் காப்பு அவருக்குச் சேராது. அவர் சம்பளத்துக்கு ஓட்டியவர் என்று காட்டக் காகிதமும் இருக்காது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே, ஓட்டுகிறவர் பெயரிலேயே வண்டியை எடுங்கள்.

"ஃபுல் கவர் போட்டிருக்கேன் சார், எல்லாம் வந்துரும்" என்பது அடுத்த பேச்சு. வராது. சரக்கு வண்டி பாலிசியில் பம்பர், விளக்கு, மட்கார்டு, டயர், பெயின்ட் இவற்றுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டி ஐஎம்டி 23 என்ற கூடுதல் காப்பைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி முழுசாகப் போனால் தவிர இவற்றுக்குப் பணம் இல்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். பட்டறையில் நின்ற நாட்களின் வாடகை இழப்புக்கும் பணம் கிடையாது. ஏற்றிய சரக்கு இந்தப் பாலிசியில் அடங்கவே அடங்காது. பர்மிட் இல்லாமல் ஓட்டி ஆளை அடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடமே வசூலித்துக்கொள்ளலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது.

"ரெண்டு டன் கூடப் போட்டா ஈடாயிடும்" என்கிறவர்களுக்கு: 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பைக் கூட்டி, பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆக்கியது. அதற்கும் மேல் ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. ஒரு தடவை மாட்டினால் பல ட்ரிப்பில் சேர்த்தது போய்விடும்.

பிளாட் வட்டி 7 சதவீதம்தானே என்பதும் ஏமாற்று. அடைத்த அசலுக்கும் சேர்த்துக் கடைசி மாதம் வரை வட்டி கட்டுகிறீர்கள். மேலே சொன்ன கடனுக்கு உண்மையான வட்டி வருடத்துக்குச் சுமார் பன்னிரண்டரை சதவீதம். பழைய வண்டி மலிவு என்று தாவுகிறவர்கள் அதன் வயதைப் பாருங்கள். எட்டு வருடம் தாண்டினால் எஃப்சி ஆண்டுதோறும். நேஷனல் பர்மிட் இரண்டு அச்சு வண்டிக்கு 12 வருடம் வரைதான், அதற்கு மேற்பட்ட அச்சுள்ள வண்டிக்கு 15 வருடம் வரைதான். கணக்கு எழுதச் சொன்னால், வருமான வரியில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும், கணக்கே வேண்டாம் என்பார்கள். வரி ஆபீஸுக்கு வேண்டாம் என்பது சரி. உங்களுக்கு வேண்டும்.

தூக்கத்தைப் பற்றிப் பேசினால் பலருக்குக் கசக்கிறது. சம்பள டிரைவர் "முடியலைங்க, காலையில கெளம்பறேன்" என்று ஓனரிடம் போனில் சொல்லலாம். தானே ஓனராக இருக்கிறவர் யாரிடம் சொல்வார்? டியூ தேதிதான் அவரை விரட்டுகிறது. நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டிய தூரத்தை ஒற்றை ஆளாக ஓட்டுகிறார். விடியற்காலையில் நின்ற லாரியின் பின்னால் மோதி நசுங்கிய கேபினைப் போய்ப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நீண்ட தூரத்துக்கு இரண்டாவது டிரைவரின் சம்பளத்தைத் தாங்காத வாடகையை ஏற்காதீர்கள். அந்த லோடு உங்களுடையதல்ல.

வண்டி எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், மூன்று மாத டியூவைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு எடுங்கள். அது கையில் இல்லை என்றால் இன்னும் ஒரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டுங்கள். அந்த வருடத்தில் எந்தப் பார்ட்டி பேலன்ஸைச் சரியாகத் தருகிறார், எந்த புக்கிங் ஆபீஸ் இழுத்தடிக்கிறது, எந்த ஊரில் ரிட்டர்ன் லோடுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

வண்டிக் காகிதங்களை உங்கள் மனைவிக்குக் காட்டுங்கள். இதை நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன், பலர் முகம் சுளிக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு கைக்குழந்தையோடு க்ளெய்முக்கு வரும் பெண்ணுக்கு எந்தக் கம்பெனி பாலிசி, எத்தனை டியூ பாக்கி, வாடகை பேலன்ஸ் யாரிடமிருந்து வர வேண்டும் என்று எதுவுமே தெரியாது. அதைச் சாதகமாக்கிக்கொள்ள நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். ஆர்சி, பாலிசி, கடன் ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை வரவு செலவை உங்கள் மனைவியே எழுதட்டும். தனிநபர் விபத்துக் காப்பில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரையே வருடாவருடம் அப்படியே புதுப்பித்துக்கொண்டிருக்கும் பாலிசிகளை நான் நிறையப் பார்க்கிறேன். அதை மாற்ற இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்து, பாலிசியில் பெயர் மாறியதற்கான காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.