எல்லை வந்த கதை

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில் குடிபாலா இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. குடிபாலாப் பக்கம் ஒரு வீட்டில் தமிழ் பேசுவார்கள். அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். இங்கே எல்லை எப்படி வந்தது?

1801-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபின் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு வட ஆற்காடு ஜில்லா அமைந்தது. அதன் தலைநகர் வேலூர் அல்ல, சித்தூர்! கலெக்டர் கச்சேரி சித்தூரில் இருந்தது. கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேலூர்க்காரர்கள் இங்கேதான் வரவேண்டும்.

1911-இல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. வட ஆற்காட்டின் தலைநகர் வேலூருக்குப் போனது. நடுவில் ஒரு கோடு விழுந்தது. ஆனால் இரண்டு ஜில்லாக்களும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. அதனால் கோடு பெரிதாகத் தெரியவில்லை.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்தது. ஜில்லாக் கோடு மாநில எல்லை ஆகிவிட்டது. தமிழர் அதிகம் வாழ்ந்த திருத்தணியும் ஆந்திராவில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் போராடினார், சிறை சென்றார். தெலுங்கு மக்களுக்கும் குறை இருந்தது. அவர்கள் சென்னை நகரையே கேட்டவர்கள்.

கடைசியில் வழக்கு எச்.வி.படாஸ்கர் என்பவரிடம் போனது. அவர் தாலுகாவைப் பார்க்கவில்லை, ஊர் ஊராகப் பார்த்தார். எந்த மொழி பேசுவோர் அதிகம்? ஊர் எந்த மாநிலத்தை ஒட்டி இருக்கிறது? இப்படிப் பிரித்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. குடிபாலா சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது.

நியாயமான கணக்குதான். ஆனால் ஒன்று. மக்கள்தொகைக் கணக்கில் ஒருவருக்கு ஒரு தாய்மொழிதான் எழுதுவார்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வாழ்கிறவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? எல்லையோரத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் நிறையப் பேர்.

இன்று நிலப் பட்டா தெலுங்கில் வருகிறது. தமிழ் மட்டும் படித்தவர் அதை இன்னொருவரிடம் நீட்ட வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க மாநிலம் வசதி செய்ய முயல வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. 1956-இல் சேர்த்தார்கள். தமிழ் வகுப்பு கேட்டு மனு எழுதுவோர் இந்த எண்ணையும் சேர்த்து எழுதலாம்.