பொறி நிறைந்தால் புழு ஒழியுமா?

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளக் காடுகளில் பருவம் தவறாமல் காதில் விழும் பேச்சு இது: “பொறி வெச்சாச்சு சார், தினமும் கொத்துக் கொத்தா விழுது. இனி மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.” சொல்லிவிட்டுப் பொறியின் அடியில் தொங்கும் பிளாஸ்டிக் பையைப் பெருமையோடு தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் குவிந்து கிடக்கும். பத்தடி தள்ளி நிற்கும் செடியின் குருத்தை விரித்துப் பாருங்கள். ஈர மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்திருக்கும். அதைக் கிளறினால், தலையில் கவிழ்ந்த ‘ஒய்’ எழுத்துக் கோடும் வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் கொண்ட படைப்புழு, நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

பை நிறைவதற்கும் புழு குறைவதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது ஏறவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனக்கவர்ச்சிப் பொறிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குப்பியில் ஊறியிருப்பது, பெண் அந்துப்பூச்சி இரவில் வயிற்று நுனிச் சுரப்பியிலிருந்து விடும் வாசனையின் செயற்கை வடிவம். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பெண் ஆணை அழைக்கும் வாசனை அது. அதைத் தேடி வருவது ஆண் மட்டுமே. பயிரைத் தின்பது புழு, புழு வருவது முட்டையிலிருந்து, முட்டை இடுவது பெண். அந்தப் பெண்ணுக்கு உங்கள் பொறியில் எந்த வேலையும் கிடையாது.

‘ஆண் செத்தால் பெண் கருவுறாதே’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஓர் ஆண் இரவுக்கு இரவு வேறு வேறு பெண்களோடு சேரக்கூடியது. பாதி ஆண்கள் பொறியில் போனாலும் மீதிப் பாதி அத்தனை பெண்களுக்கும் போதும். பத்தில் ஒன்பது ஆணுக்கு மேல் பிடித்தால்தான் முட்டையில் குறைவு தெரியத் தொடங்கும். ஏக்கருக்கு 5 பொறி அதைச் செய்யாது. போதாக்குறைக்கு, வேறு எங்கோ கருவுற்ற பெண்கள் காற்றோடு பறந்து வந்து உங்கள் காட்டில் இறங்குகின்றன. படைப்புழு அந்துப்பூச்சி ஓர் இரவில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கவல்லது. ஒரு பெண் தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். நூறு, இருநூறாகக் குவித்து, மேலே தன் உடல் செதிலைப் போர்த்திவிட்டுப் போகும்.

ஆண்கள் இப்படிக் கும்பலாக வந்து விழுவதைப் பார்த்து மயங்குவது புரிகிறது. அந்த வாசனையின் வலிமை அப்படி. ஜெர்மனியின் வேதியியலாளர் அடால்ஃப் புட்டனான்ட் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்து, 1959-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இனக்கவர்ச்சிப் பொருள் அதுதான். அதன் ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலே ஆணின் உணர்கொம்பில் உள்ள நரம்பணு விழித்துக்கொள்ளும். இவ்வளவு கூர்மையான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த பூச்சியை எண்ணி மகிழ்வதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

பொறி எச்சரிக்கைக்கு உரியது. விதைத்த வாரத்திலேயே வைக்க வேண்டும். முதல் பூச்சி விழுந்த நாளிலிருந்து வயலுக்குள் இறங்கி, இலையைப் புரட்டி முட்டைக் குவியலைத் தேடிக் கையால் நசுக்க வேண்டும். முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாள்தான் ஆகும். புழு குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்தும் அதை எளிதில் எட்டாது. பொறி நிறைந்ததைப் பார்த்து வீட்டுக்குப் போய்ப் படுப்பவர், மணி அடித்த நேரத்தில் தூங்குகிறவர்.

இனக்கவர்ச்சிப் பொருளால் பூச்சியையே ஒடுக்க முடியாதா? முடியும், வேறு வழியில். வயல் முழுவதும் அந்த வாசனையைப் பரப்பி, ஆண் பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறடிக்கும் முறை பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில் பலித்திருக்கிறது. அமெரிக்காவின் பருத்திப் பகுதிகளில் அந்தப் புழு ஒழிந்ததாக 2018-இல் அறிவித்தார்கள். ஆனால் அங்கே மலட்டு அந்துப்பூச்சிகளை விட்டதும், பி.டி. பருத்தியும், ஊர் முழுக்கச் சேர்ந்து செய்த வேலையும் உடன் இருந்தன.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். பக்கத்துக் காட்டுப் பூச்சியைப் பொறி இழுத்து வரும் என்று பயப்படாதீர்கள். வருவது ஆண், அது முட்டையிடாது. எல்லாப் பூச்சிக்கும் ஒரே குப்பி என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பச்சைக் காய்ப்புழுவின் குப்பி படைப்புழுவைக் கூப்பிடாது. தென்னைச் சிவப்புக் கூன்வண்டுப் பொறியில் ஆணும் பெண்ணும் விழுவது உண்மை. அது ஆண் வண்டு விடும், கூட்டத்தை அழைக்கும் வாசனை. அந்தக் கணக்கை மக்காச்சோளத்துக்குப் போடாதீர்கள்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பொறிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தினமும் காலையில் எண்ணி எழுதுங்கள். ஊரில் பத்துப் பேர் எழுதி ஒரே பலகையில் போடுங்கள். அது இல்லாததால்தான், கடைக்காரர் தேதி சொல்ல, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் என்று கணக்கு வைத்து மருந்து அடிக்கிறோம். அந்த மருந்தில், படைப்புழு முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதைக் கொல்லும் குட்டிக் குளவிகளும் சேர்ந்து சாகின்றன. வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் போட்டால் இந்தக் குளவிகள் தேனுக்கு வந்து தங்கும். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போதே வரப்புக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.