விளையாட்டுக் கணிப்பொறியில் லினக்ஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அனுமந்தையில் எங்கள் வீட்டில் ஒரு கணிப்பொறி உண்டு. புதுச்சேரியில் பழையதாக வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், ஆர்.எக்ஸ். 570 என்னும் ஏ.எம்.டி. வரைகலை அட்டை. என் பாடங்களுக்கும் தம்பியின் விளையாட்டுக்கும் அதுவே. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் ஒரு பருவம் முழுதும் உழைத்துச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது. மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை இராது. மற்றொன்று வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததும் வேண்டும். பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்கும். அது தவணை நீட்டிப்பேயன்றித் தீர்வன்று. "நல்லா ஓடுற பொட்டிய ஏம்பா மாத்தணும்?" என்றார் அப்பா. அக்கேள்வியே என்னை லினக்ஸின் பக்கம் திருப்பியது.

லினக்ஸ் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. திரு. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் சேர்த்துத் தரப்பட்டது. என் பெரியப்பா மகளுக்கும் அத்தகைய கணினி ஒன்று கிடைத்தது. ஆனால் எங்கள் தெருவில் ஒருவரும் பாஸ் பக்கம் போனதில்லை. "அதுல கேம் ஓடாது" என்பதே காரணம். அன்று அது பெரும்பாலும் உண்மையே.

நிலைமையை மாற்றியது, 2018இல் வால்வு நிறுவனம் வெளியிட்ட புரோட்டான். 1993இல் தொடங்கிய வைன் என்னும் திட்டமே அதன் அடிப்படை. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு, படம் வரைவதற்கு டைரக்ட்-3டி என்னும் மொழியில் கட்டளையிடுகிறது. அதனை லினக்ஸ் அறிந்த வல்கன் மொழிக்கு மாற்றித் தருவது டி.எக்ஸ்.வி.கே. என்னும் பகுதி. உப்பு ஏற்ற வரும் வடநாட்டு லாரிக்காரர் இந்தியில் கேட்பதை மேஸ்திரி தமிழில் சொல்ல, ஆட்கள் மூட்டை ஏற்றுகின்றனர் அல்லவா? மூட்டை சுமப்பவர் மேஸ்திரி அல்லர். அதுபோலவே இங்கும் செயலி செய்யும் வேலை மாறுவதில்லை. கேட்கும் முறை மட்டுமே மாறுகிறது. ஆகவேதான் பல விளையாட்டுகளில் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

லினக்ஸ் மின்ட்டின் ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள கோப்பைப் பேனா டிரைவில் ஏற்றி, முதலில் நிறுவாமலே இயக்கிப் பார்த்தேன். ஏ.எம்.டி. அட்டைக்கான இயக்கி லினக்ஸ் கருவிலேயே இருப்பதால் தனியாக எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. பின்னர்க் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு நிறுவினேன்.

தொல்லை பிறகுதான் வந்தது. தம்பியின் விளையாட்டுகள் இருந்த இரண்டாவது வட்டை விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பிலேயே விட்டிருந்தேன். ஒன்றும் திறக்கவில்லை. இரண்டு இரவுகள் விழித்த பின்பே காரணம் புலப்பட்டது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 'சி:' என்ற பெயரில் ஓர் இணைப்பை உண்டாக்குகிறது. முக்காற்புள்ளி கோப்பின் பெயரில் வருவதை விண்டோஸ் ஏற்காது. ஆதலால் அவ்வகை வட்டில் சிக்கல் எழுகிறது. வட்டை எக்ஸ்ட்-4 அமைப்புக்கு மாற்றி விளையாட்டுகளை மீண்டும் இறக்கியதும் ஓடின. கவுண்டர் ஸ்டிரைக் 2க்குப் புரோட்டானே தேவையில்லை. அதற்கு லினக்ஸ் பதிப்பு உண்டு.

ஓடாதவையும் உண்டு, அதை மறைக்கலாகாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க இயங்குதளத்தின் கருவரை இறங்கிக் கண்காணிக்கும் நிரல்கள் உள்ளன. அவற்றை உருவாக்கியோர் லினக்ஸுக்கு இடம் தராவிடில் புரோட்டான் என்ன மொழிபெயர்த்தும் பயனில்லை. வேலரண்ட் இதற்குச் சான்று. ஜி.டி.ஏ. 5இன் கதைப் பகுதி ஓடும். 2024 செப்டம்பர் முதல் அதன் இணைய ஆட்டம் ஓடாது. எது ஓடும், எது ஓடாது என்று விளையாடுவோரே குறித்து வைக்கும் புரோட்டான்டிபி என்னும் பட்டியல் உண்டு. அதனை முன்னரே பார்க்காதது என் பிழை. தம்பி தன் நண்பர்களுடன் நாள்தோறும் ஆடிய ஆட்டம் ஓடாதவற்றுள் ஒன்று.

"ஒனக்குப் படிப்பு இருக்கு. எனக்கு அது ஒண்ணுதாண்ணே இருந்துச்சு" என்றான். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. விண்டோஸையும் ஒரு பகுதியில் மீண்டும் நிறுவித் தருவதாகச் சொன்னேன். திருத்தம் பெறாத இயங்குதளத்தை இணையத்தில் விடுவதிலுள்ள ஆபத்தையும் சொன்னேன். ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவு செய்து, அந்த ஆட்டத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று இருவரும் முடிவு செய்தோம். வீட்டு வரவு செலவும் என் செய்முறைப் பாட வரைபடங்களும் லினக்ஸ் பகுதியில் உள்ளன.

நம் மாவட்டத் தலைநகராம் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கிவருகிறது; விரும்புவோர் அங்கும் கேட்டறியலாம். மின்ட் ஏற்றிய பேனா டிரைவ் என் பையில் இருக்கிறது. நிறுவாமல் இயக்கிப் பார்க்க அதுவே போதும்; ஆனால் உங்கள் வீட்டில் விளையாடுபவரையும் உடன் அழைத்து வாருங்கள்.