நூறு பெட்டியை யார் வாங்குவார்கள்?

கேள்வி: நானும் என் கணவரும் சான் ஹோசேயில் இருக்கிறோம். மூன்று வருடமாக வீட்டு கராஜில் ஒயின் செய்கிறோம். போன வருடத்து ஜின்ஃபண்டெலைக் குடித்த நண்பர்கள் எல்லோரும் "கடையில் வைத்தால் வாங்குவோம்" என்கிறார்கள். கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. லோடாய் பக்கம் ஐந்து ஏக்கர் திராட்சைத் தோட்டம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. "தேறல்" என்று பெயர்கூட வைத்துவிட்டோம். பாட்டிலில் தமிழ் எழுத்தைப் போட விடுவார்களா? எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோட்டத்தை வாங்காதீர்கள். வேலையையும் அவர் விட வேண்டாம். ஆனால் ஒயினைக் கட்டாயம் செய்யுங்கள், வரும் அறுவடையிலேயே.

உங்கள் பயம் நியாயமானது. இந்தத் தொழிலில் பணம் தூங்கும் காலம் மிக நீளம். இந்தச் செப்டம்பரில் பழம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். சிவப்பு ஒயின் பீப்பாயில் ஒன்றரை வருடம் கிடக்கும். பாட்டிலில் அடைத்த பிறகும் சில மாதம் ஆறப் போட வேண்டும். முதல் பாட்டிலுக்குக் காசு வரும்போது மூன்றாவது அறுவடையின் பழத்துக்கு நீங்கள் பணம் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் மாதச் சம்பளம் வராமல் இதைத் தாங்க முடியாது. புதிதாகக் கொடி நட்டால் உருப்படியான முதல் காய்ப்புக்கே மூன்றாவது வருடம் ஆகும். காய்க்கிற தோட்டமாகவே வாங்கினாலும் நிலைமை இன்று சரியில்லை. 2024-இல் லோடாயில் வாங்க ஆளில்லாமல் பழம் கொடியிலேயே காய்ந்தது. பலர் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். விவசாயிக்கு இது பெரும் துயரம். பழம் வாங்க வருகிற உங்களுக்கோ நல்ல தோட்டங்களின் கதவு திறந்திருக்கிறது. நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள், அடித்துப் பேசாதீர்கள். அதே விவசாயியிடம் பத்து வருடம் நீங்கள் போக வேண்டியிருக்கும்.

எவ்வளவு செய்வது? இங்கேதான் பெரும்பாலோர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். எவ்வளவு பழம் கிடைக்கும் என்று பார்க்காமல், எத்தனை பெட்டி விற்க முடியும் என்பதில் தொடங்குங்கள். ஒரு பீப்பாய் 225 லிட்டர். அதிலிருந்து 300 பாட்டில், அதாவது 12 பாட்டில் கொண்ட 25 பெட்டி கிடைக்கும். நான்கு பீப்பாய் என்றால் 100 பெட்டி; அதற்கு ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் கூடுதலாகப் பழம் வேண்டும். 100 பெட்டியை விற்க, வருடத்துக்கு ஒரு பெட்டி காசு கொடுத்து வாங்கும் 100 குடும்பங்கள் வேண்டும். உங்கள் நண்பர்கள் புகழ்ந்தது இலவசமாக ஊற்றிய கிளாஸை. 30 டாலர் கொடுத்து, அடுத்த வருடமும் 30 டாலர் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். நம் வட்டத்தில் மதுவையே தொடாத வீடுகளும் நிறைய உண்டு. கடைகளை நம்பினால், 30 டாலர் பாட்டிலைக் கடைக்காரர் ஏறக்குறைய 20-க்கு எடுப்பார், நடுவில் விநியோகஸ்தர் இருந்தால் உங்கள் கைக்கு 14 அல்லது 15 வரும். சிறு லேபிள்கள் பிழைப்பது நேரடி விற்பனையில்தான்.

முதல் வருடம் மூன்று பீப்பாய் சிவப்பும், 25 பெட்டி அளவுக்கு ரோஸேயும் செய்யச் சொல்வேன். ரோஸேக்கு ஓக் பீப்பாய் தேவையில்லை. பிப்ரவரியில் பாட்டிலில் அடைத்து வெயில் காலத்துக்கு முன்பே விற்கலாம். சிவப்பு உறங்கும்போது அது கொஞ்சம் பணம் கொண்டுவரும்.

கராஜ் ஒயினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடம் 200 காலன் வரை செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, அதில் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. விற்பதற்கானதை உரிமம் உள்ள ஆலையில்தான் செய்ய வேண்டும். உங்கள் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கூலிக்கு ஒயின் செய்து தரும் ஆலைகள் கலிஃபோர்னியாவில் உண்டு. "கஸ்டம் க்ரஷ்" என்பார்கள். குறைந்தது இத்தனை டன் வேண்டும் என்று பல ஆலைகள் வரம்பு வைத்திருக்கும், அதை முதலில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பீப்பாயிலிருந்து ஒயின் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தில் காற்று புகுந்தால் கெடும். சில வாரத்துக்கு ஒருமுறை வாய்வரை நிரப்ப வேண்டும். யார் நிரப்புவார், எந்த ஒயினால், எத்தனை நாளுக்கு ஒருமுறை? இதை எழுதி வாங்காததால் நான் ஒரு பீப்பாயை இழந்தேன். அறுவடை நெருக்கடியில் ஆலைக்காரர்கள் என் பீப்பாய்களை மறந்துவிட்டார்கள். நான் போய் மூடியைத் திறந்தபோது காடி வாசனை. 300 பாட்டில் போயிற்று. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை நானே போய் ருசி பார்க்கிறேன். உங்களில் ஒருவர் இதைச் செய்ய வேண்டும். இன்னொன்று: உங்கள் பழம் பழுக்கும் வாரத்தில்தான் எல்லோர் பழமும் பழுக்கும். பறிக்கும் நாளை முடிவு செய்வது நீங்களா, ஆலையின் காலி இடமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நாப்பா பெயருக்கு மயங்க வேண்டாம். அங்கே கேபர்னே திராட்சை டன்னுக்குச் சராசரி 8000 டாலருக்கு மேல், லோடாயில் சராசரி 1000-க்கும் கீழே. லோடாயிலேயே 1886-இல் நட்ட சின்ஸோ கொடிகள் பெக்டோல்ட் தோட்டத்தில் இன்றும் காய்க்கின்றன. பல சிறு லேபிள்கள் அங்கே பழம் வாங்குகின்றன. பழைய கொடிப் பழத்துக்குச் சராசரியைவிடக் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். பெரிய கம்பெனி தர முடியாத ருசி உங்களுக்கு வருவது அங்கிருந்துதான்.

உங்கள் கணவருக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். சாண்ட்லாண்ட்ஸ் லேபிளை மனைவி ஒலிவியாவுடன் நடத்தும் டீகன் பாசலாக்வா, அதைத் தொடங்கியபோது டர்லி ஆலையில் ஒயின் செய்யும் வேலையில் இருந்தார். 2003-இல் மனைவி ஜில்லுடன் சொந்த லேபிள் தொடங்கிய ஸ்டீவ் மத்தியாசன், பிறர் தோட்டங்களுக்கு ஆலோசகராகவும் உழைத்தவர். ஊரறிந்த கைகாரர்களே இன்னொரு வருமானத்தோடுதான் தொடங்கினார்கள்.

பெயருக்கு வருகிறேன். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. தமிழ் எழுத்தைத் தாராளமாகப் போடலாம். கட்டாய விவரங்களும் அரசு எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். லேபிள் அனுமதி கேட்கும்போது தமிழ்ச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பும் கொடுங்கள். லேபிளில் ஜின்ஃபண்டெல் என்று போட்டால் 75 சதவீதம் அந்தப் பழம், லோடாய் என்று போட்டால் 85 சதவீதம் அந்த வட்டாரம், அதோடு வருடத்தையும் போட்டால் 95 சதவீதம் அந்த வருடத்துப் பழம் இருக்க வேண்டும். அச்சடிக்கும் முன் அதே பெயரில் வேறு யாரும் வணிகச் சின்னம் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

இந்த வாரம் நீங்களும் அவரும் தனித்தனியாக உட்கார்ந்து, காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்புகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் சேர்த்து வைத்து எண்ணுங்கள். 40 பெயர் தேறினால், 40 பெட்டிக்கு மட்டும் பழம் சொல்லுங்கள்.