தங்கமும் முற்றத்துப் புழுதியும்

பிக்ஹு கிதாபுகளில் ஜக்காத்துப் பாடத்தினுள் ‘மஃதின்’ என்றொரு பகுதி உண்டு. நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் பொன், வெள்ளிக்குரிய சட்டம் அது. ஷாபிஈ மத்ஹபில் நாற்பதில் ஒன்றும், ஹனபீ மத்ஹபில் ஐந்தில் ஒன்றும் கொடுக்கவேண்டும். மதரஸாவில் ஓதும்போது இதனை விரைவாகவே கடந்து போனோம். நம்மில் எவர் தங்கம் தோண்டப் போகிறார் என்ற எண்ணந்தான்! ஆனால் அவ்விடத்தில் ஷாபிஈ இமாம்கள் ஒரு சிறு விஷயத்தையும் சொல்லி வைத்துள்ளனர். மண்ணையும் கல்லையும் நீக்கித் தூய்மைப்படுத்தும் செலவு உடைமையாளனையே சாரும். ஏழைகளின் பங்கில் அதைக் கழிக்கலாகாது. இது ஜக்காத்தைப் பற்றிய சட்டமே. எனினும் நீக்கிய கழிவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இச்சட்டம் என் நினைவுக்கு வருகிறது.

நைஜீரியாவின் வடமேற்கிலுள்ள ஸம்ஃபாரா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ளோர் பெரும்பாலும் ஹவுஸா மொழி பேசும் முஸ்லிம்கள். தங்கத்தின் விலை ஏறவே, கிராமத்தார் தாதுக்கல்லைத் தோண்டி, மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டு வந்தனர். கோஷாவிலிருந்த பெண்களுக்கு முற்றத்திலேயே வேலை கிடைத்தது: கல்லை உடைப்பது, உரலில் இடிப்பது, சலிப்பது. மாவரைக்கும் இயந்திரத்திலும் அரைத்தார்கள். அக்கல்லில் ஈயம் மிகுந்திருந்ததை அவர்கள் அறியவில்லை. குழந்தைகள் தவழும் அதே முற்றத்தில் புழுதி படிந்தது.

2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினருக்குச் செய்தி எட்டியது. தரெத்தா, யர்கல்மா என்னும் இரு கிராமங்களில் விசாரித்த குடும்பங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் ஓராண்டுக்குள் மவுத்தாகியிருந்தனர். பெரும்பாலானோருக்கு இறக்குமுன் வலிப்பு. மாநிலத்தில் மொத்தம் 400 பேருக்கு மேல்.

உடலிலிருந்து ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் குழந்தை திரும்பிப்போகும் முற்றத்தில் ஈயம் கிடந்தால் மருந்தால் என்ன பயன்? முதலில் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றி, சுத்தமான மண்ணைப் பரப்ப வேண்டியிருந்தது. பகேகா என்ற ஊரில் இவ்வேலைக்கான பணம் வந்து சேர 2013 ஆயிற்று. அதுவரை அவ்வூர்க் குழந்தைகள் காத்துக் கிடந்தார்கள்.

தொழிலையே தடை செய்துவிடலாமே என்பீர்கள். தடை செய்தால் உரல் உள்ளறைக்குப் போகும்; பசித்தவன் இரவில் இடிப்பான். மாற்றவேண்டியது இடமும் முறையும். இடிப்பதும் அரைப்பதும் வீட்டுக்கும் கிணற்றுக்கும் அப்பால் நடக்கவேண்டும். உலர்ந்த கல்லை அரைக்காமல் நீர் தெளித்து அரைக்கவேண்டும். கை கால் கழுவி, வேலை உடையை அங்கேயே களைந்துவிட்டு வீடு திரும்பவேண்டும். 2015-இல் அதே நாட்டின் நைஜர் மாநிலத்தில், ஷிக்கிரா என்ற ஊரிலும் குழந்தைகள் இறந்தனர். பின்னர் அங்கே நீர் தெளிக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். வேலைத்தலத்துக் காற்றில் ஈயத்தூள் வெகுவாகக் குறைந்தது. (அந்தச் சேற்று நீரை ஓடையில் விடாமல் குழியில் தேக்கவேண்டும், இல்லையேல் கேடு இடம் மாறியதாகுமே தவிர நீங்கியதாகாது.)

நிற்க. மற்றொரு கேடு பாதரசம். பொன்துகளைப் பற்றிக்கொள்ளப் பாதரசத்தைக் கலந்து, பின் அதைத் தீயிலிட்டு ஆவியாக்குவர். ஆவியைச் சுவாசித்தால் நரம்பு கெடும். அது ஆற்றில் இறங்கினால் மீனிலும் நஞ்சேறும். உலகக் காற்றில் மனிதர் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இச்சிறு தொழிலால்தான். பிலிப்பைன்ஸில் பெங்கெட் பகுதியார் பாதரசமின்றி, நீரில் அலசிச் செறிவாக்கிய துகளை வெண்காரமிட்டு உருக்குகின்றனர். நம் பத்தர்கள் பட்டறையில் வைத்திருக்கும் அதே வெண்காரம்! இதற்கு மாற முடியாதவர்கள், ஆவியைக் குளிரவைத்துப் பாதரசத்தைத் திரும்பப் பிடிக்கும் மூடிய கலத்தையாவது பயன்படுத்தலாம்.

அக்கலத்தின் விலையை அன்றாடங்காய்ச்சியான தோண்டுபவன் தருவதா, அவனிடம் வாங்கும் வியாபாரி தருவதா? என் கருத்தில் வியாபாரியே முந்தவேண்டும். அன்று மாலையே பொன் அவன் உடைமையாகி விடுகிறதல்லவா?