கிராமப்புறக் கவுன்டியில் வீட்டுக் கடன்

கேள்வி: அமெரிக்காவின் கிராமப்புறக் கவுன்டிகளில் வருமானம் குறைந்தவர்களுக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 502-ஆம் பிரிவின்படி அமெரிக்க வேளாண் துறை இரு வழிகளில் உதவுகிறது. நடுத்தர வருமானக்காரர்களுக்கு வங்கி கடன் தரும்; அதில் 90 சதவீதம் வரை துறை உத்தரவாதம் அளிக்கும். ஏழைகளுக்கு உண்மையில் கைகொடுப்பது துறையே நேரடியாகத் தரும் கடன்தான். பெரும்பாலும் முன்பணம் வேண்டியதில்லை. தவணைக் காலம் 33 ஆண்டு. வருமானம் மிகக் குறைவென்றால் 38 ஆண்டு வரை நீளும். தவணை மானியம் சேர்ந்தால் வட்டிச் சுமை 1 சதவீதம் வரை இறங்கும். ஆனால் வீட்டை விற்கும்போது அந்த மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரிடலாம். கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். வருமானத்தோடு வீட்டின் முகவரியும் தகுதியை முடிவுசெய்யும். ஒரே கவுன்டியில் நகரை ஒட்டிய தெரு விடுபட்டு, சற்றுத் தள்ளியுள்ள குடியிருப்பு சேர்ந்திருக்கலாம். துறையின் இணைய வரைபடத்தில் முகவரியைச் சரிபார்த்த பிறகே வீட்டுக்கு விலை பேசுவது நல்லது.